இடுப்புக் கயிறு

அக்பர் அலியின் மெட்டாடோர் வேன் காலை பத்து மணிக்கெல்லாம் பாறைக்குழிக்கு வந்து சேர்ந்துவிட்டது. காங்கேயத்திலிருந்து தாராபுரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், சோளக்காட்டு வழியாகத் திரும்பி, இரண்டு மைல் மண்பாதையில் வரவேண்டும். வேன் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் திருமூர்த்தி இரண்டு தடவை பாறைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்தார். நாற்பத்து மூன்று வயது. தேங்காயெண்ணெய் மில் முதலாளி. பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர் அன்றைக்கு முழுப் பரீட்சைக்குப் போகிற பையனைப் போல இருந்தார்.

அவர் அன்று முதல் தடவையாகத் தண்ணீருக்கடியில் மூச்சுவிடப் போகிறார்.

அக்பர் அலி கோயமுத்தூர்க்காரர். கடற்படையில் முக்குளிப்பவராகப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அணை மதகு ரிப்பேர், பம்ப் ஹவுஸ் அடைப்பு என்று யாராவது கூப்பிட்டால் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போவார். திருமூர்த்தியைவிட ஏழெட்டு வயது இளையவர். தோட்டத்துச் சிமெண்டுத் தொட்டியில் மூன்று நாள் அவரை முக்கி முக்கி எடுத்துப் பழக்கியிருந்தார்.

"மூச்சுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்ணா. இழுத்துப் புடிச்சு வெச்சுக்கவே கூடாது. வந்தா உட்ரோணும்" என்று இப்போதும் சொன்னார். "கண்ணாடிக்குள்ள எச்சி துப்பித் தேய்ச்சுக்குங்க. ஆவி புடிக்காது."

"எச்சியே வரமாட்டீங்குதுங்க பாய்" என்றார் திருமூர்த்தி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பாறைக்குழி என்பது முன்பு கல் உடைத்த இடம். ஊற்று கிளம்பியதும் காண்ட்ராக்டர் மிஷின்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு பத்து வருஷத்து மழை அதில் இறங்கியது. மூன்று பக்கமும் செங்குத்தான கருங்கல் சுவர். நாலாவது பக்கம், ஒரு காலத்தில் லாரி இறங்கிய சரிவு நேராகத் தண்ணீருக்குள் போய் மறைகிறது. ஆழம் தொண்ணூறு அடி. சுற்றுவட்டாரத்தில் கிணறெல்லாம் காய்ந்து கிடந்த அந்தத் தொண்ணூற்றேழாம் வருஷத்து மே மாதத்திலும் பாறைக்குழியில் ஒரு சாண்கூடக் குறையவில்லை. ஆனாலும் ஆடு மேய்ப்பவர்கள் அந்தப் பக்கம் ஓட்டிவருவதை நிறுத்திவிட்டார்கள். ஆடுகள் சரிவு வரைக்கும் வந்து, தண்ணீரைப் பார்த்துவிட்டுக் குடிக்காமல் திரும்பிவிடுகின்றன என்று சொன்னார்கள்.

அந்தத் தண்ணீருக்குள் திருமூர்த்தியின் மகள் இருக்கிறாள். நந்திதா. எட்டு வயது. போன வருஷம் இதே மே மாதம் போனவள், இன்னும் மேலே வரவில்லை.

பள்ளிக்கூட லீவில் நீச்சல் பழகியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சொந்தக் கிணறு வறண்டுவிட்டது. அதனால்தான் இங்கே கூட்டிவந்தார். அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவது ஒரே மாதிரிதான். பிள்ளையின் இடுப்பில் கயிறு, கரையில் அப்பன். அவரும் அப்படித்தான் பழகினார், அவருடைய அப்பாவும் அப்படித்தான். பயப்பட என்ன இருக்கிறது?

முடிச்சில் இருந்தது. ஏழு வயதிலிருந்து மாடு கட்டிய கை அவருடையது. மாட்டைக் கட்டுகிற முடிச்சுக்கு ஒரு நுனி வெளியே தொங்கும். மாடு கட்டுகிற சாளையில் தீப்பிடித்தாலும் பாம்பு வந்தாலும் அந்த நுனியை ஒரு இழு இழுத்தால் போதும், முடிச்சு அவிழ்ந்து மாடு தப்பித்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு போடுகிற முடிச்சு. அன்றைக்கும் பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, மகளின் இடுப்பில் அதைத்தான் போட்டார். போட்டது எந்த முடிச்சு என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"பயமா இருந்தா கயித்த ஒரு இழு இழு கண்ணு. அப்பா தூக்கிக்கறேன்" என்றார்.

அவளுக்குப் பயமாக இருந்தது. இழுத்தாள். தண்ணீருக்குள் தவித்த கைக்கு முதலில் அகப்பட்டது வயிற்றோரம் தொங்கிய நுனி.

அவர் கைக்குக் கயிறு பாரமில்லாமல் வந்தது. அறுந்திருந்தால் பிசிறு இருக்கும். பிசிறில்லை, முடிச்சுமில்லை. காது வலித்து ரத்தம் வருகிற வரைக்கும் முங்கிப் பார்த்தார். தீயணைப்புக்காரர்கள் இரண்டு நாள் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினார்கள். மூன்றாம் நாள் தானாக மிதக்கும் என்றார்கள். நாலாம் நாளும் மிதக்கவில்லை.

எப்படிங்க அவுந்துச்சு என்று மனைவி முத்தாத்தாள் அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கியபோது, அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. "அவளே அவுத்துப்போட்டா முத்தா. வேண்டாம்னு சொல்லச் சொல்ல, வெளையாட்டுக்கு அவுத்துட்டா."

அந்த நேரத்தில் யாருக்கும் சொல்லத் தோன்றுகிற பொய்தான். மறுநாளே திருப்பி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அதன் பிறகு முத்தாத்தாள் செத்த பிள்ளையைத் திட்ட ஆரம்பித்தாள். அழும்போதெல்லாம் திட்டினாள். "சொன்னாக் கேக்க மாட்டயாடி புடிவாதக்காரி? உனக்கு என்னடி அத்தன திமிரு?" என்று சமையல்கட்டிலிருந்து கேட்கும். ஒரு வருஷமாகத் திருமூர்த்தி அதைக் கேட்டுக்கொண்டே சோறு தின்றார். எலும்பாவது கிடைத்தால் தோட்டத்து மூலையில் குழி வெட்டிப் புதைத்துவிடலாம், அதோடு முத்தாத்தாளும் ஓய்வாள், தானும் மகளை மண்ணில் கிடத்திய அப்பனாக மூச்சு விடலாம் என்று நம்பித்தான் அக்பர் அலியைத் தேடிப் பிடித்தார்.

அக்பர் அலி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தனியாக இரண்டு தடவை இறங்கினார். இரண்டாம் தடவை பாதியிலேயே மேலே வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. எழுபது அடியில் சுவரைக் குடைந்து கல் எடுத்த ஒரு பொந்து இருக்கிறது, அதைப் பார்க்கவேண்டும், ஆனால் இனித் தனியாக இறங்கமாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, கூட ஒரு ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

"நான் வாரேனுங்க" என்றார் திருமூர்த்தி. அப்படித்தான் வந்தது இந்தப் பரீட்சை.

அக்பர் அலி சிலிண்டரை அவர் முதுகில் ஏற்றி வாரை இறுக்கினார். இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட். அதற்கு மேலே நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனையைச் சரிவின் மேலே பாறையில் அடித்திருந்த பழைய கடப்பாரையில் சுற்றி, நடுக்கயிற்றைக் கூட வந்திருந்த முத்தாத்தாளின் கையில் கொடுத்தார்.

"அக்கா, ஒரு இழு வந்தா நல்லா இருக்கறோம்னு அர்த்தம். நீங்களும் பதிலுக்கு ஒரு இழு இழுங்க. மூணு இழு வந்தா மேல தூக்குங்க. வேற ஒண்ணுமில்ல."

முத்தாத்தாள் தலையாட்டினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தாள். "ஏனுங்க, பாத்துப் போங்க. அந்தக் கூறுகெட்டவ எங்க கெடக்கறாளோ, தூக்கிட்டு வந்துருங்க" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

அக்பர் அலி அவர் இடுப்பில் முடிச்சுப் போட்டார். "இது கப்பல் முடிச்சுங்ணா. எந்தப் பக்கம் இழுத்தாலும் அவுறாது."

திருமூர்த்தி குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தார். இத்தனை சின்னது. கற்றுக்கொள்ள ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா? கண் நிறைந்துவிட்டது. நல்ல வேளை, முகக்கண்ணாடி இருந்தது.

சரிவில் இறங்கி நடந்தார்கள். முழங்கால், இடுப்பு, கழுத்து. பிறகு தலை முங்கியது.

ரப்பர் நாற்றம் வாய் முழுக்க இருந்தது. தொட்டியில் பழகியது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மூச்சு இழுக்கும்போது 'உஸ்' என்றது, விடும்போது குமிழிகள் காதோரம் கடகடவென்று ஏறின. ஒவ்வொரு மூச்சும் கடைசி மூச்சு போலப் பதறி இழுத்தார். அக்பர் அலி அவர் கையைப் பற்றி, மெதுவாக, மெதுவாக என்று உள்ளங்கையை அசைத்துக் காட்டினார். திருமூர்த்தி மூக்கைப் பிடித்து ஊதினார், அடைத்திருந்த காது திறந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்தது. ஒரு கணம் அவருக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. தண்ணீருக்குள் உயிரோடு இருக்கிறோம். இந்தப் பாழாய்ப்போன சாமான் அன்றைக்குக் கையில் இருந்திருந்தால்.

இருபது அடியில் வெளிச்சம் பச்சையாக இருந்தது. நாற்பதில் தண்ணீர் திடீரென்று குளிர்ந்து, எலும்புக்குள் இறங்கியது. மேலே அக்கினி நட்சத்திர வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது என்பதை நம்பமுடியவில்லை. அறுபதில் பச்சையும் போய்விட்டது. டார்ச்சின் வட்டத்தில் சுவர் மட்டும் தெரிந்தது. பாறையில் வெடிமருந்து வைக்கத் துளைத்த கோடுகள் வரிசையாகக் கீழே போய்க்கொண்டே இருந்தன. ஒரு மீனில்லை, பாசியில்லை.

எழுபது அடியில் பொந்து வந்தது. ஒரு சின்ன அறை அளவுக்குச் சுவரைக் குடைந்திருந்தார்கள். அக்பர் அலி அவர் தோளைத் தட்டி, இங்கேயே நில்லுங்கள் என்று கை காட்டிவிட்டு உள்ளே போனார். அவருடைய டார்ச் வெளிச்சம் உள்ளே அலைந்தது. பிறகு ஒரு மூலையில் திரும்பி மறைந்தது.

திருமூர்த்தி தன் டார்ச்சோடு இருட்டில் பாறையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

இடுப்பில் கயிறு ஒரு தடவை இழுபட்டது.

முத்தாத்தாள் விசாரிக்கிறாள். நிம்மதியாக இருந்தது. பதிலுக்கு ஒரு இழு இழுத்தார்.

மறுபடியும் ஒரு இழு. அதற்கும் பதில் கொடுத்தார்.

மறுபடியும்.

பயந்துபோயிருக்கிறாள் பாவம் என்று நினைத்து, தன் கையிலிருந்த டார்ச்சைக் கயிற்றின் பக்கம் திருப்பினார். கயிறு மேலே போகும் திசையில் தொய்ந்து, தளர்ந்து, மிதந்துகொண்டிருந்தது. அதன் ஒரு மடிப்பு அவருடைய முழங்காலைத் தாண்டிக் கீழே இருட்டுக்குள் இறங்கியிருந்தது. அந்த மடிப்புதான் விறைத்திருந்தது.

இழுத்தது மேலிருந்து இல்லை.

கீழிருந்து.

டார்ச் கையிலிருந்து நழுவியது. அதன் வெளிச்சம் சுழன்றுகொண்டே கீழே போனது. போய்க்கொண்டே இருந்து, அணைந்தது.

பிறகு இடுப்பில் விரல்கள் பட்டன.

சின்ன விரல்கள். அவரைப் பிடிக்கவில்லை, கிள்ளவில்லை. முடிச்சைத் தொட்டன. தொட்டுத் தடவி, சுற்றிவந்து, எதையோ தேடின. எதைத் தேடுகின்றன என்று அவருக்குத் தெரிந்தது. உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் அது தெரியும்.

விரல்கள் நுனியைக் கண்டுபிடித்தன.

இழுத்தன. முடிச்சு அவிழவில்லை.

மறுபடியும் இழுத்தன. அவிழவில்லை.

திருமூர்த்தி கையை மெல்லக் கீழே கொண்டுபோனார். ஒரு உள்ளங்கை அவருடைய இரண்டு விரல்களைப் பற்றியது. ரோட்டைத் தாண்டும்போது பற்றுகிற அதே இரண்டு விரல்கள். அது அவர் விரல்களைக் கூட்டிக்கொண்டுபோய் முடிச்சின் மேல் வைத்து, அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டது. குரல் இல்லை. குரல் தேவைப்படவும் இல்லை. இது அவிழவில்லையே அப்பா, எனக்கு ஏன் இதைப் போடவில்லை?

பயமெல்லாம் அப்போதே போய்விட்டது. நெஞ்சு வெடித்துப்போகிற துக்கம் மட்டும் இருந்தது. வாயிலிருந்த ரப்பரைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்தக் கையோடு கீழே போய்விடலாம் என்று நினைத்தார். நினைத்ததோடு நிற்கவில்லை, பிடுங்கியும்விட்டார். "கண்ணு" என்று கூப்பிட வாயைத் திறந்தார். தண்ணீர் புகுந்தது.

அக்பர் அலி பின்னாலிருந்து அவரை வளைத்துப் பிடித்து, ரப்பரை வாய்க்குள் திணித்து, கயிற்றை மூன்று தடவை இழுத்தார். மேலே கயிறு இறுகியது. இருவரும் குமிழிகளுக்குப் பின்னால் மெதுவாக ஏறினார்கள். அந்தச் சின்னக் கை நாற்பது அடி வரைக்கும் கூடவே வந்தது. வெளிச்சம் பச்சையாகத் தொடங்குகிற இடத்தில் விட்டுவிட்டது.

சரிவில் இழுத்துப் போட்டதும் திருமூர்த்தி குப்புறக் கிடந்து வாந்தியெடுத்தார். அக்பர் அலி அவருடைய வாரையும் கயிற்றையும் அவிழ்த்துவிட்டார். பொந்து காலி, ஒன்றுமே இல்லை என்று முத்தாத்தாளிடம் சொன்னார்.

"அப்பறம் எதுக்குங்க ஓயாம இழுத்துட்டே இருந்தீங்க?" என்றாள் அவள். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன. "ஒரு இழு, ஒரு இழுன்னு நிக்கவே இல்ல. நானும் பதிலுக்கு இழுத்து இழுத்து ஓஞ்சுபோட்டேன்."

அக்பர் அலி திரும்பித் தண்ணீரைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "போன தடவ எனக்கும் இப்புடித்தானுங்ணா. முடிச்ச நோண்டி நோண்டிப் பாத்துட்டே இருந்துச்சு. அதுதான் தனியா எறங்கமாட்டன்னேன். ஏன் முடிச்சயே தேடுதுன்னுதான் புரியல" என்றார்.

திருமூர்த்தி எழுந்து உட்கார்ந்தார். இனி மறைத்தால் மனுஷனே இல்லை.

"அவ அவுக்கல முத்தா."

"எவ?"

"நம்ம புள்ள. அவ அவுக்கல. நான் மாட்டு முடிச்சுப் போட்டுட்டேன். பயமா இருந்தா இழுன்னு சொன்னேன். அவ நுனிய இழுத்துட்டா. நான் சொன்னத அப்படியே கேட்டுப்போட்டா முத்தா."

முத்தாத்தாள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தார். அவள் குனிந்து, அவர் இடுப்பிலிருந்து அவிழ்த்துப் போட்ட கயிற்று முனையை எடுத்தாள். அதைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"போட்டுக் காட்டுங்க."

"வேண்டாம் முத்தா."

"போடுங்க."

அவருடைய கை யோசிக்காமல் போட்டது. முத்தாத்தாள் தன் வயிற்றோரம் தொங்கிய நுனியை இரண்டே விரலால் பிடித்தாள். லேசாக இழுத்தாள். கயிறு அவிழ்ந்து அவள் காலடியில் விழுந்தது.

அவள் குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு சரிந்து உட்கார்ந்து, பாறையில் படார் படாரென்று கையால் அறைந்தாள். "ஐயோ சாமி, ஒரு வருசமா உன்ன வஞ்சுட்டே இருந்தனே. புடிவாதக்காரின்னு வஞ்சனே. சொன்ன பேச்சுக் கேட்ட புள்ளைய வாய் கூசாம வஞ்சுபோட்டனே" என்று அவள் அழுத அழுகை மூன்று சுவரிலும் முட்டித் திரும்பியது. திருமூர்த்தி அவளைத் தொடக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

அப்போதுதான் அக்பர் அலி, "அண்ணா" என்றார். கிசுகிசுவென்று.

அவிழ்ந்து கிடந்த கயிற்று முனை சரிவில் நகர்ந்துகொண்டிருந்தது.

காற்று இல்லை. கயிறு தானாக வழுக்குகிற அளவுக்கு அங்கே சரிவும் இல்லை. ஒரு அடி போயிற்று. நின்றது. இன்னும் ஒரு அடி. முனை தண்ணீரைத் தொட்டு உள்ளே நுழைந்தது. அதன் பின்னாலேயே சுருள் சுருளாகக் கயிறு அவசரமில்லாமல் இறங்கியது. கடப்பாரை வரைக்கும் தீர்ந்தபோது ஒரு நிமிஷம் தொய்ந்து கிடந்தது. கீழே யாரோ அதை வைத்து எதையோ செய்துகொண்டிருப்பது போல, தண்ணீரின் மேல் சின்னச் சின்ன நடுக்கம் வந்தது.

பிறகு கயிறு விறைத்தது. கடப்பாரை முனகியது.

முத்தாத்தாள் பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள். கைக்குப் பாரம் தெரிந்ததும் அவள் முகமே மாறிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளையின் பாரம், அதற்கு மேலே இல்லை, கீழே இல்லை. தூக்கித் தூக்கிப் பழகிய கைக்கு அது தெரியாதா?

"இருக்கறா. ஏனுங்க, இருக்கறா, புடிங்க!" என்று காலைப் பாறையில் ஊன்றி இழுக்கப் போனாள்.

"இழுக்காத முத்தா!" திருமூர்த்தி அவள் கையின் மேல் கையை வைத்து அழுத்தினார். "அவளே கட்டியிருக்கறா. அவளுக்குத் தெரிஞ்சது அந்த மாட்டு முடிச்சு ஒண்ணுதான். நாம இழுத்தா பயந்துக்குவா."

"பயந்தா?"

"பயந்தா நுனிய இழுப்பா. நான் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கறேன்."

முத்தாத்தாள் அவரைப் பார்த்தாள். பிறகு கயிற்றைப் பார்த்தாள். இழுக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. கொஞ்சம் நகர்ந்து அவருக்கும் பிடிக்க இடம் கொடுத்தாள்.

அக்பர் அலி என்ன செய்வதென்று தெரியாமல் வேனுக்கும் சரிவுக்கும் நடந்தார். ஒரு தடவை குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வெயில் இறங்கிய பிறகு, "போலாமுங்ணா, வாங்கக்கா" என்று கூப்பிட்டார்.

"நீங்க கெளம்புங்க தம்பி" என்றாள் முத்தாத்தாள், சத்தம் கீழே கேட்டுவிடக் கூடாது என்கிறவளைப் போல. "நாங்க புடிச்சுட்டு இருக்கறோம்."

பாறையின் நிழல் தண்ணீர் முழுக்கப் படர்ந்தது. இருவரும் அந்தக் கயிற்றை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. கயிறு கடைசி வரைக்கும் தளரவே இல்லை.